பரமேஸ் அக்கா 2.14க்குக் கண் மூடினார்

மனதை மாற்றும் தொழிலில் முக்கால்வாசி வேலை நாற்காலி நகர்த்துவதுதான். மீதியில் மணி அடிக்க வேண்டும், ஏர்கோனைக் கூட்டிக் குறைக்க வேண்டும், அழுகிறவர்களுக்கு டிஷ்யூ நீட்ட வேண்டும். உங்களையும் என்றைக்காவது கம்பெனியோ பள்ளியோ இப்படி ஒரு பயிற்சிக்கு விரட்டியிருக்கும். சட்டையில் பெயரை ஒட்டிக்கொண்டு, முன்பின் தெரியாத ஒருவரின் கண்ணைப் பார்த்து, "இந்த நிமிடம் நான் இப்படி உணர்கிறேன்" என்று எதையோ சொல்லிச் சமாளித்திருப்பீர்கள். அந்தக் கஷ்டம் உங்களுக்கு ஒரு நாள். எனக்கு வாரத்தில் ஐந்து நாள்.

பள்ளியின் கடைசிப் பரீட்சையான எஸ்.பி.எம். முடிவு வந்தபோது கணக்கு போய்விட்டது, மற்றதெல்லாம் சுமார். மேலே படிக்க எனக்கும் ஆசை இல்லை, படிப்புக்கும் என் மேல் ஆசை இருந்த மாதிரி தெரியவில்லை. கெலாங் பாத்தாவில் ஒரு மாமாக் சாப்பாட்டுக் கடைக்கு மேல்மாடியில் இருந்த பயிற்சி மையத்தில் வேலைக்குச் சேர்ந்தேன். நடத்துகிறவர் ஹேமா மிஸ், உளவியல் படித்தவர். தன் மனதில் ஓடுவதை ஒரு மனிதர் தீர்ப்பு சொல்லாமல் கவனிக்கப் பழகினால் அவர் மாறுவார், பத்துப் பேர் சேர்ந்து பழகினால் அவர்கள் வேலை செய்யும் இடமே மாறும் என்பது அவர் நம்பிக்கை. அவர் ஏமாற்றுக்காரர் இல்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் முதல் வாரம் நான் அவரை அப்படித்தான் நினைத்திருந்தேன்.

வேலை கிடைத்த விதம்

நேர்முகத் தேர்வுக்குச் சான்றிதழ், பாஸ்போர்ட் படம், அம்மா எழுதிக் கொடுத்த பதில்கள் எல்லாம் கொண்டு போயிருந்தேன். மிஸ் எதையும் பார்க்கவில்லை. எதிரே உட்கார வைத்து, என் முகத்தையே ஒரு நிமிடம் பார்த்துவிட்டு, "தர்ஷினி, இப்போ, இந்த நொடி, நீ எதைக் கவனிக்கிறே?" என்று மெதுவாகக் கேட்டார். அம்மாவின் பதில்களில் இதற்குப் பதில் இல்லை.

"ஏர்கோன்லேர்ந்து தண்ணி ஒழுகுது மிஸ். அடுத்த சொட்டு உங்க லேப்டாப் மேல விழும்" என்றேன். மிஸ் மேலே பார்த்தார், லேப்டாப்பை இழுத்தார், சொட்டு மேசையில் விழுந்தது. துடைத்துக்கொண்டே சொன்னார்: "இதுக்கு முன்னாடி வந்த ஆறு பேரும் மனசு அமைதியா இருக்குன்னு சொன்னாங்க. நீ நாளைக்கே வந்துரு."

வட்டம்

பக்கத்தில் ஒரு பிளாஸ்டிக் டப்பா தொழிற்சாலை. அவர்கள் தமிழ் ஆட்களில் பன்னிரண்டு பேரை ஆறு வாரத்துக்கு, புதன்கிழமை மதியம் இரண்டு மணிக்கு அனுப்பினார்கள். மலாய்க்காரர்களுக்குத் திங்கட்கிழமை, வேறு கோச். நான் பன்னிரண்டு நாற்காலியையும் டேப் வைத்து அளந்து வட்டமாகப் போட்டிருந்தேன். வந்தவர்கள் அறையை ஒரு பார்வை பார்த்தார்கள். ஆளுக்கு ஒரு நாற்காலியைத் தூக்கிக்கொண்டு போய்ச் சுவர் ஓரமாக வரிசையாகப் போட்டு, கிளினிக்கில் நம்பர் கூப்பிடக் காத்திருக்கிற மாதிரி உட்கார்ந்துவிட்டார்கள்.

மிஸ் சிரித்த முகத்தோடு, வட்டத்தில் எல்லாரும் சமம், யாரும் முன்னால் இல்லை, யாரும் பின்னால் இல்லை என்று விளக்கினார். யாரும் நகரவில்லை. கடைசி நாற்காலியில் இருந்த ஓர் அக்கா மட்டும் கையைத் தூக்கினார். நாற்பதைத் தாண்டியவர், சிம்பாங் ரெங்கத்திலிருந்து தொழிற்சாலை பஸ்ஸில் வருகிறவர், சட்டையில் பரமேஸ் என்று ஒட்டியிருந்தார். "மிஸ், ஒரு சந்தேகம்" என்றார். "பின்னாடின்னு ஒண்ணு இல்லைன்னா, நாங்க எங்கே உட்கார்றது?"

அசாம்பாய்

ஒரே ஓர் உலர்திராட்சையை வாயில் போட்டு, அவசரப்படாமல், அதன் தோல், இனிப்பு, ஈரம் எல்லாவற்றையும் ஐந்து நிமிடம் கவனித்துச் சாப்பிடுவது ஒரு பயிற்சி. திராட்சை வாங்கி வரச் சொல்லி மிஸ் என்னை அனுப்பினார். பக்கத்துக் கடையில் திராட்சை இல்லை. சின்னதாக, சுருங்கி, பழுப்பாக இருப்பதுதானே முக்கியம் என்று நான் ஒரு பாக்கெட் அசாம்பாய் வாங்கி வந்துவிட்டேன். உப்பும் புளிப்பும் சேர்த்துக் காய வைத்த பழம், இங்கே தெரியாதவர்கள் யாரும் இருக்க மாட்டார்கள்.

மிஸ் கண்ணை மூடியபடி, "அந்த மென்மையான இனிப்பு நாக்கில் பரவுவதைக் கவனியுங்கள்" என்று சொல்லிக்கொண்டிருக்கிறார். இங்கே பன்னிரண்டு முகமும் பிழிந்த துணி மாதிரி இருக்கிறது. ஒருவர் கண்ணில் தண்ணீர். ஆனால் ஒன்றைச் சொல்ல வேண்டும்: அந்த ஐந்து நிமிடம் யாரும் போனைத் தொடவில்லை, யாருக்கும் வேறு நினைப்பு வரவில்லை. முடிந்ததும், ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிற சுப்ரா அண்ணன் கன்னத்தைத் தேய்த்துக்கொண்டு சொன்னார்: "மிஸ், எனக்கு இப்ப விழிப்பு வந்துருச்சு. அலமாக், காதுவரைக்கும் வந்துருச்சு."

சத்தங்கள் வரும், போகும்

கீழே மாமாக் கடை என்று சொன்னேன் அல்லவா. மதியம் அங்கே ஆர்டர் எடுக்கிற அண்ணனுக்குச் சமையல்கட்டு ரொம்ப தூரம், அதனால் குரல் பெரிசு. மேலே நாங்கள் மௌனத்தில் உட்கார்ந்தால் கீழேயிருந்து எல்லாமே தெளிவாகக் கேட்கும். மிஸ் இதற்கும் அசரவில்லை. "சத்தங்கள் வரும், போகும். பிடிக்கவும் வேண்டாம், தள்ளவும் வேண்டாம். சும்மா கேளுங்கள்" என்றார். அரை மணி நேரம். நான் மணி அடித்தேன்.

என்ன கவனித்தீர்கள் என்று மிஸ் சுற்றிக் கேட்டார். ஒருவர் மூச்சு என்றார், ஒருவர் முதுகுவலி என்றார். சுப்ரா அண்ணனின் முறை வந்தது. அவர் முகத்தில் நிஜமான கவலை இருந்தது. "நாலு தே தாரிக் போச்சு, ரெண்டு ரொட்டி சானாய் போச்சு" என்றார். "ஆனா மிஸ், ஏழாம் நம்பர் மேசைக்கு மீ கோரேங் இன்னும் போகலை."

பார்த்ததை எழுது

என் வேலையில் முக்கியமானது கவனிப்புத் தாள். பயிற்சி நேரத்தில் யார் என்ன செய்தார்கள் என்று நேரம் போட்டுக் குறிக்க வேண்டும். மிஸ் அதைப் படித்துவிட்டு, யாருக்கு எது கஷ்டமாக இருக்கிறது என்று புரிந்துகொண்டு அடுத்த வாரத்தை மாற்றி அமைப்பார். முதல் வாரம் பரமேஸ் அக்காவுக்கு நேராக நான் "சோம்பேறி" என்று எழுதினேன். மௌனப் பயிற்சி தொடங்கிய உடனேயே அவர் தூங்கிவிட்டார், வேறு என்ன எழுதுவது? மிஸ் அந்தச் சொல்லின் மேல் விரலை வைத்தார். "சோம்பேறித்தனம் உன் கண்ணுக்குத் தெரிஞ்சுதா? இல்லை, கண் மூடினது தெரிஞ்சுதா? தெரிஞ்சதை எழுது. தீர்ப்பு எழுதாதே."

நியாயமாகப் பட்டது. மாற்றி எழுதினேன்: "2.14, பரமேஸ் அக்கா கண் மூடினார். 2.19, வாய் திறந்தது. 2.31, குறட்டை. 2.45, மணி. விழித்தார்." இரண்டாம் வாரமும் அப்படியே, நிமிடம் மட்டும் மாறியது. மூன்றாம் வாரமும். பள்ளியில் என் எந்தத் தாளையும் யாரும் பாராட்டியதில்லை. மிஸ் பாராட்டினார். "எத்தனையோ பேர்கிட்ட இந்த வேலையைக் குடுத்திருக்கேன். இவ்வளவு சுத்தமா, ஒரு சொல்கூட அபிப்பிராயம் கலக்காம யாரும் எழுதினதில்லை."

கல்

நான்காம் வாரம் கல் வந்தது. ஆற்றில் கிடக்கிற வழவழப்பான கல், கைக்குள் அடங்கும். அது யார் கையில் இருக்கிறதோ அவர் மட்டும் பேசலாம். "நான் கவனிக்கிறேன்" என்றுதான் தொடங்க வேண்டும். பேசியதற்கு யாரும் பதில் சொல்லக்கூடாது, மறுக்கக்கூடாது, ஆலோசனை தரக்கூடாது. பேசியது இந்த அறையை விட்டு வெளியே போகாது என்று மிஸ் உறுதி கொடுத்தார். யாரும் பதில் சொல்ல மாட்டார்கள் என்று புரிந்த நிமிடத்திலிருந்து அந்தக் கல்லுக்கு அடிதடி. "நான் கவனிக்கிறேன், எங்க கேண்டீன் மீனுக்கு எப்பவும் வால்தான் இருக்கு." "நான் கவனிக்கிறேன், சுப்ரா ஃபோர்க்லிஃப்ட் ஓட்டும்போது பாட்டுப் பாடுறான், அதுவும் தப்பாப் பாடுறான்." சுப்ரா அண்ணன் வாயைத் திறந்தார். கல் அவர் கையில் இல்லை. மூடிக்கொண்டார்.

சிரிப்புச் சத்தத்தில் பரமேஸ் அக்கா விழித்துவிட்டார். கல்லைக் கேட்டு வாங்கினார். "நான் கவனிக்கிறேன், புதுசா வர்ற எல்லாருக்கும் நான்தான் மெஷினைச் சொல்லித் தர்றேன். எட்டு வருஷமா. அவங்க லைன் லீடராப் போயிடறாங்க. நான் அடுத்த ஆளுக்குச் சொல்லித் தர்றேன்." நிறுத்தி, கல்லைத் திருப்பிப் பார்த்தார். "இந்த வாட்டி நானும் ஃபாரம் போட்டிருக்கேன். இந்தப் பயிற்சி முடிஞ்சதும் இன்டர்வியூ." யாரும் பதில் சொல்லக்கூடாது என்பது விதி. அக்கா வட்டத்தைச் சுற்றிப் பார்த்துவிட்டுக் கேட்டார்: "சரி, இதை இப்ப யார்கிட்ட குடுக்கறது?"

குணா சார்

ஐந்தாம் வாரம் வகுப்பு முடிந்து எல்லாரும் பஸ் ஏறிய பிறகு தொழிற்சாலையின் எச்.ஆர். அதிகாரி குணா சார் வந்தார். அவரைக் கெட்டவர் என்று சொல்ல முடியாது. லைன் லீடர் வேலைக்குப் பரமேஸ் அக்காவோடு சேர்த்து மூன்று பேர் விண்ணப்பித்திருந்தார்கள், ஒருவரை எடுக்க வேண்டும், மற்ற இரண்டு பேரை ஏன் எடுக்கவில்லை என்று காட்ட அவருக்கு ஏதாவது தாள் வேண்டும். பயிற்சி பற்றிய அறிக்கை தருவதாக மிஸ் ஒப்பந்தத்தில் எழுதியிருந்தார். மிஸ் நினைத்தது ஒரு பக்கச் சுருக்கம். குணா சார் கேட்டது கவனிப்புத் தாள்கள். மிஸ் கொஞ்சம் தயங்கினார், "பேசினது எதுவும் இதுல இல்லைதானே" என்று தனக்கே சொல்லிக்கொண்டார், பிறகு ஐந்தையும் எடுத்துக் கொடுத்தார். மற்ற இரண்டு பேரும் எங்கள் வகுப்பில் இல்லை. அவர்களுக்குத் தாளும் இல்லை.

குணா சார் நின்றபடியே படித்தார். என் கையெழுத்து நன்றாகத்தான் இருக்கும், எல்லாம் புரிந்திருக்கும். "பரமேஸ்வரி. அஞ்சு வாரத்துல நாலு தடவை தூக்கம். குறட்டை வேற. பரவாயில்லையே, நிமிஷம்லாம் போட்டிருக்கே" என்று தாள்களைத் தன் ஃபைலில் வைத்தார். "சார், அது தீர்ப்பு இல்லை. சும்மா கவனிப்பு" என்றேன். அவர் என்னைப் பார்த்து அன்பாகவே சிரித்தார்.

"தெரியும் மா. தீர்ப்பு எழுதறது என் வேலை."

தே ஓ ஐஸ்

ஆறாம் வாரம், வகுப்புக்கு அரை மணி நேரம் முன்னால் கீழே மாமாக் கடையில் பரமேஸ் அக்காவைப் பிடித்தேன். பாலில்லாத ஐஸ் தேநீர், தே ஓ ஐஸ், குடித்துக்கொண்டிருந்தார். சுற்றி வளைத்துப் பேச எனக்கு வராது. "அக்கா, நீங்க தூங்கினதை நான் எழுதினேன். குணா சார் எடுத்துட்டுப் போயிட்டாரு. இன்டர்வியூல காட்டுவாரு" என்றேன். அவர் ஸ்ட்ராவை வாயிலிருந்து எடுக்காமல் என்னைப் பார்த்தார். திட்டுவார் என்று காத்திருந்தேன். திட்டியிருந்தால் சுலபமாக இருந்திருக்கும்.

"லைன்ல நிமிஷத்துக்கு ஒருத்தர் 'பரமேஸ் அக்கா, பரமேஸ் அக்கா'ன்னு கூப்பிடுவாங்க. மெஷின் நின்னாலும் நான், ஆள் வரலைன்னாலும் நான். உங்க ரூம்ல உட்கார்ந்தா யாரும் கூப்பிடறதில்லை. அதான், தன்னால கண்ணு சொருகிடுது" என்றார். இந்த வாரம் வேறு மாதிரி எழுதட்டுமா என்று கேட்டேன். பொய் எழுதுவதாக நான் யாரிடமும் சொன்னதில்லை. அக்கா ஐஸை ஸ்ட்ராவால் குத்தினார்.

"பொய் வேணாம் லா. எனக்கு ஒண்ணு மட்டும் சொல்லு பாப்பா. நான் தூங்கினதை நிமிஷம் போட்டு எழுதினே. முழிச்சிருந்தவங்க என்ன பண்ணாங்கன்னு எழுதினியா?"

ஆறாவது தாள்

எழுதவில்லை. அதுதான் உண்மை. அசைந்தவர், தூங்கியவர், வெளியே போனவர், இவ்வளவுதான் என் தாளில் இருந்தது. சும்மா உட்கார்ந்திருந்தவர்களை நான் பார்க்கவே இல்லை, மிஸ்ஸையும் என்னையும் சேர்த்து. அன்றைக்குக் கடைசி வகுப்பு என்பதால் குணா சாரும் வந்து வட்டத்தில் உட்கார்ந்தார். நான் புதுத் தாள் எடுத்தேன். 2.06, குணா சார் போனைப் பார்த்தார். 2.08, மறுபடி பார்த்தார். 2.11, மிஸ் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். 2.15, பரமேஸ் அக்கா தன் கையைக் கிள்ளிக்கொண்டார், கண் திறந்திருந்தது. 2.17, குணா சார், போன், தொடைக்குக் கீழே வைத்து. 2.22, குணா சார் தலை சாய்ந்தது. 2.26, நிமிர்ந்தது, யாராவது பார்த்தார்களா என்று பார்த்தார். 2.30, கீழே கோழி பொரித்தார்கள், தர்ஷினி மூன்று நிமிடம் எதையும் கவனிக்கவில்லை. எல்லாரும் இருந்தார்கள். ஒரு சொல்கூட அபிப்பிராயம் இல்லை.

வகுப்பு முடிந்ததும் குணா சார் தாளுக்காகக் கையை நீட்டினார். படித்தார். காது சிவந்தது. இதை நான் தாளில் எழுதவில்லை, நேரம் முடிந்துவிட்டது. "இதுல என் பேரு ஏன் வருது?" என்று கேட்டார். "வட்டத்துல உட்கார்ந்தீங்க சார்" என்றேன். அவர் மிஸ் பக்கம் திரும்பி, "முதல் அஞ்சு போதும் மிஸ், இது வேணாம்" என்றார்.

மிஸ் என் தாளை வாங்கிப் படித்தார். கடிகாரத்தைப் பார்த்ததாக எழுதியிருந்த இடத்தில் கொஞ்சம் நின்றார். பிறகு, எப்போதும் போல் மெதுவான குரலில், "ஆறும் சேர்ந்ததுதான் சார் அறிக்கை. ஆறும் போகும், இல்லைன்னா அஞ்சையும் இங்கே வெச்சிருங்க. முதல்லயே நான் குடுத்திருக்கக் கூடாது" என்றார். குணா சார் ஃபைலைத் திறந்து ஐந்து தாள்களையும் மேசையில் வைத்தார். நகல் எடுத்து வைத்திருந்தாரா, தெரியாது. வாசல் வரைக்கும் போனவர் திரும்பினார். "அடுத்த பேட்ச் பத்தி கொஞ்சம் யோசிச்சுக்குங்க மிஸ்." மிஸ் வயிற்றில் கையை வைத்துக்கொண்டு சொன்னார்: "யோசிச்சுட்டேன் சார். இப்ப வயித்தைப் பிசையுது. அதைத்தான் கவனிச்சுக்கிட்டு இருக்கேன்."

மூன்று மாதம்

அடுத்த பேட்ச் வரவில்லை. மிஸ் இரண்டு வாரம் எல்லாருக்கும் போன் போட்டுவிட்டு, ஓர் ஆசிரியர் குழுவைப் பிடித்தார். ஆசிரியர்கள் வட்டமாக உடனே உட்கார்ந்துவிடுகிறார்கள், ஆனால் கல்லைத் திருப்பிக் கொடுப்பதில்லை. கவனிப்புத் தாளை இப்போது வகுப்பு முடிந்ததும் சுவரில் ஒட்டிவிடுகிறோம், எல்லாரும் படித்துவிட்டுச் சிரித்துவிட்டு, அவர்களே கிழித்துப் போடுகிறார்கள். அது மிஸ்ஸின் யோசனை. கிழித்ததைப் பெருக்குவது நான்.

ஒரு சனிக்கிழமை பரமேஸ் அக்கா மேலே ஏறி வந்தார். இன்டர்வியூ முடிந்து வேலை கிடைத்துவிட்டது, நிரந்தரமாக இல்லை, மூன்று மாதத்துக்குத் தற்காலிக லைன் லீடர். பயிற்சியில் என்ன கற்றுக்கொண்டாய் என்று கேட்டார்களாம், நன்றாகத் தூங்கினேன், எட்டு வருஷத்தில் அங்கேதான் தூங்கினேன் என்று இவரே சொல்லிவிட்டாராம். குணா சார் அந்த நேரம் போனைப் பார்த்துக்கொண்டிருந்தாராம். மிஸ் கையைப் பிடித்துக்கொண்டு வாழ்த்துச் சொன்னார். நான், "மூணு மாசம் கழிச்சு எப்படி முடிவு பண்ணுவாங்க அக்கா?" என்று கேட்டேன். அவர் கைப்பையிலிருந்து நாலாக மடித்த ஒரு தாளை எடுத்துக் காட்டினார்.

"மூணு மாசம் என்னைக் கவனிப்பாங்களாம். சரி, யாரு கவனிக்கிறா, எதுல எழுதுறா, எனக்கு எப்பக் காட்டுவாங்கன்னு கேட்டேன். எழுத்துல குடுத்தாதான் கையெழுத்துப் போடுவேன்னு உட்கார்ந்துட்டேன் லா. இந்தா, குடுத்துட்டாங்க."

ஆக, இந்த வேலையில் நான் கற்றுக்கொண்டதை ஒரே வரியில் கேட்டால், தீர்ப்பு சொல்லாமல் மனிதர்களைக் கவனிப்பது மிகவும் உயர்ந்த பழக்கம், அதைத் தாளில் எழுதி இன்னொருவரிடம் கொடுக்காத வரைக்கும்.